பால் வெள்ளைக்குக் கொடுக்கும் விலை... ராஜபாளையம் நாய்க்குக் காது கேட்கிறதா?

நிறத்தைப் பார்த்து வாங்கினால் போதாது. வாங்குபவரும் வளர்ப்பவரும் கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

தோப்புக் காவலுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் நாட்டு நாய் தேடுகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் முதலில் கேட்பது ராஜபாளையம். குட்டியைப் பார்க்கப் போனதும் வழக்கமாக வரும் கேள்விகள் இரண்டு. ‘உடம்புல எங்கயாவது புள்ளி இருக்கா?’ என்பது ஒன்று. ‘மூக்கு நல்லா ரோஸா இருக்கா?’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் பணம் கைமாறிவிடும். காவலுக்கு வாங்கும் நாய்க்குக் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியை மட்டும் பெரும்பாலானோர் கேட்பதில்லை. ‘இதுக்குக் காது கேக்குமா?’

இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு முழு வெள்ளை நாய்களில் அதிகம். ராஜபாளையத்திலும் இது வளர்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் நெடுநாளாகத் தெரிந்த குறை. இனத்தின் பெருமையாகச் சொல்லப்படும் அதே பால் வெள்ளைக்கும் இந்தக் குறைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

பாளையக்காரர் காலத்து நாய்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையம்தான் இந்த நாயின் சொந்த ஊர். ஆங்கிலேயர் இதைப் பாளையக்காரர் நாய் என்ற பொருளில் ‘பாலிகர் ஹவுண்ட்’ என்றும் அழைத்தார்கள். பாளையக்காரர்களும் நிலக்கிழார்களும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் அரண்மனைக் காவலுக்கும் இதை வளர்த்தார்கள். பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயக் குதிரைப்படைமீது இந்த நாய்கள் ஏவப்பட்டன என்ற கதையும் அந்தப் பக்கத்தில் வழங்குகிறது.

நீண்ட கால்கள், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, குட்டையான ரோமம், சுருக்கமில்லாத முகம் என்று ஓட்டத்துக்கும் தாக்குதலுக்கும் ஏற்ற உடல்வாகு. வளர்ந்த ஆண் நாய் தோள் உயரத்தில் 65 முதல் 75 செ.மீ வரை இருக்கும். பழகிய குடும்பத்திடம் அடக்கமும் அந்நியரிடம் சந்தேகமும் இதன் குணம். தென்மாவட்டத்து வெயிலைத் தாங்கி, வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த நாய் இது.

2005-ம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை 4 இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றுடன் ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்றுதான். தமிழ்நாட்டின் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், கர்நாடகாவின் முதோலும். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் நாட்டு நாய்களின் பெயர்கள் சொல்லப்பட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. பெயர் பரவப் பரவ, குட்டி கேட்டு வருகிறவர்களும் வெளியூர்களிலிருந்து வரத் தொடங்கினார்கள்.

வேட்டை போனது... நிறம் நின்றது!

ஒரு காலத்தில் நாயின் தரத்தைக் காடு சோதித்தது. பன்றியின் சலசலப்பைக் கேட்காத நாய், எசமானின் குரலுக்குத் திரும்பாத நாய் வேட்டையில் நிலைக்க முடியாது. ஓடும், கேட்கும், பிடிக்கும் நாய்களிடமே குட்டி எடுக்க வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் நினைத்தது இயல்பு.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் வேட்டையை நிறுத்தின. காட்டு உயிர்களுக்கு அது தேவையான சட்டம். ஆனால், நாயின் திறமையைச் சோதிக்கும் களம் இல்லாமல் போனது. மிச்சமிருந்தது தோற்றம் மட்டும்தான். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் பல நிறம் உண்டு. கோம்பைக்குச் செவலை உடம்பும் கருத்த வாயும் அடையாளம். ராஜபாளையத்துக்கோ பால் வெள்ளையும் ரோஜா நிற மூக்கும் பொன்னிறக் கண்ணும்தான் அசல் முத்திரை என்று ஆகிவிட்டது. கண்காட்சித் திடலிலும் வெள்ளைக்கே மதிப்பு, சந்தையிலும் வெள்ளைக்கே விலை.

புள்ளிக்குட்டிகளுக்கு நேர்ந்த கதி

வெள்ளை நாய்க்கும் வெள்ளை நாய்க்கும் பிறந்த ஈத்திலும் சில சமயம் காதில் பழுப்புத் திட்டு, முதுகில் கருப்புத் திட்டு என்று குட்டிகள் பிறக்கும். முழுக் கருப்பு, முழுச் செவலை நிறங்களும் இந்த இனத்தில் உண்டு. இவை கலப்பின் அடையாளம் என்று கருதி, பிறந்த உடனேயே கொன்றுவிடும் வழக்கம் முன்பு இருந்தது. ‘இதையெல்லாம் யார் வாங்குவா?’ என்பதே காரணம்.

தலைமுறை தலைமுறையாக நிறமுள்ளவற்றை ஒதுக்கி, வெள்ளையிலும் வெள்ளையை மட்டும் இணைசேர்த்தால் என்ன ஆகும்? நிறம் கொடுக்கும் தன்மை வம்சத்தில் குறைந்துகொண்டே போகும். கூடவே காதும் பாதிக்கப்படும்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுப்பவை நிறமி செல்கள். கரு வளரும்போது இவை முதுகுத்தண்டு உருவாகும் பகுதியிலிருந்து கிளம்பி, உடம்பு முழுக்கப் பரவுகின்றன. தலைமடையில் திறந்த தண்ணீர் வயலின் கடைசிப் பாத்தி வரை போய்ச் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் குறைந்தால் கடைமடை காயும். அதுபோல, நிறமி செல்கள் போய்ச் சேராத இடத்தில் ரோமம் வெள்ளையாகிறது.

இந்தச் செல்களுக்கு நிறம் தருவது மட்டும் வேலை இல்லை. உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் இடம் அது. அதற்குள் இருக்கும் திரவத்தின் உப்புச்சத்தைச் சரியான அளவில் வைத்திருக்க நிறமி செல்கள் தேவை. அங்கேயும் அவை போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த 3, 4 வாரங்களில் அந்தப் பகுதி சுருங்கி, ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். ஒரு முறை அழிந்தால் திரும்ப வளராது. மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை.

ஒரு காதில் மட்டும் இப்படி ஆகலாம். இரண்டிலும் ஆகலாம். எந்தக் குட்டிக்கு ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடம்பு முழுக்க வெள்ளையாக இருந்தும் நன்றாகக் கேட்கும் நாய்கள் நிறைய உண்டு. வெள்ளை கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்பதுதான் கணக்கு. நீலக்கண் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கண்ணின் கருவிழிப் படலத்துக்குக்கூட நிறமி போய்ச் சேரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. முழு வெள்ளையாகவும் நீலக்கண்ணோடும் இருக்கும் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை 1859-ல் வெளியான தன் புகழ்பெற்ற நூலிலேயே சார்லஸ் டார்வின் குறிப்பிட்டிருக்கிறார்.

‘ராஜபாளையம் ஓர் அல்பினோ, அதனால்தான் இந்தக் குறை’ என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டும் வேறு. அல்பினோ உயிர்களில் நிறமி செல்கள் இருக்கும், அவற்றால் நிறத்தை உற்பத்தி செய்ய மட்டும் முடியாது. செல்கள் இருப்பதால் பொதுவாகக் காது கேட்கும். பொன்னிறக் கண்ணுள்ள, திட்டுள்ள குட்டியும் போடுகிற ராஜபாளையத்தின் வெள்ளை, நிறமி செல்கள் போய்ச் சேராத வகையைச் சேர்ந்தது என்பதையே அடையாளங்கள் காட்டுகின்றன.

டால்மேஷனிலும் இதே சிக்கல்

வெள்ளை உடம்பில் கருப்புப் பொட்டு வைத்த டால்மேஷன் நாயைப் பலரும் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட டால்மேஷன்களைச் சோதித்ததில், சுமார் 8% நாய்களுக்கு இரண்டு காதும், 22% நாய்களுக்கு ஒரு காதும் கேட்கவில்லை. பத்துக்கு மூன்று நாய்களுக்குக் குறை! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு பிறக்கும் டால்மேஷன் குட்டிகளுக்குச் செவித்திறன் குறை மிகவும் குறைவு. ஆனால், அமெரிக்கக் கண்காட்சி விதிப்படி திட்டுள்ள டால்மேஷன் தகுதியிழந்த நாய். காது கேட்கும் வாய்ப்பு அதிகமுள்ள குட்டி போட்டிக்கு ஆகாது என்று ஒதுக்கப்படுகிறது.

பாக்ஸர் இனத்தில் கதை தலைகீழ். அங்கே செவலையும் வரியும்தான் அசல் நிறம் என்பதால், வெள்ளையாகப் பிறந்த குட்டிகளைக் கொல்லும் வழக்கம் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. ஓர் இனத்தில் வெள்ளைக்குச் சாவு, இன்னோர் இனத்தில் புள்ளிக்குச் சாவு. இரண்டு இடத்திலும் தீர்ப்பு எழுதியது மனிதனின் ரசனைதான்.

இங்கிலாந்தில் டால்மேஷன் குட்டிகளுக்குச் செவித்திறன் பரிசோதனை செய்து, குறையுள்ளவற்றையும் நீலக்கண் உள்ளவற்றையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி வந்தார்கள். சில பத்தாண்டுகளில் குறை கண்கூடாகக் குறைந்தது. வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

இரு தரப்பு வாதம்

‘புள்ளி உள்ளதைச் சேர்த்தால் இனம் கெட்டுவிடும்’ என்பது ஒரு தரப்பு. இதில் நியாயமில்லாமல் இல்லை. வெளிநாட்டு நாய்களைக் கலந்து, ராஜபாளையம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சந்தையில், சாதாரண விவசாயி அசலை அடையாளம் காண நிறம் ஒரு சுலபமான வழி. பல ஆண்டுகள் கைக்காசு செலவழித்து வம்சத்தைக் காப்பாற்றியவர்களுக்கு, ‘நிறத்தை விடுங்கள்’ என்று சொன்னால் கோபம் வருவதும் இயல்பு.

‘கேட்காத காதோடு எந்த இனத்தைக் காப்பாற்றுகிறீர்கள்?’ என்பது மறுதரப்பு. வெள்ளையாக இருப்பது கலப்பில்லை என்பதற்கு முழுச் சான்று ஆகாது. திட்டு இருப்பது கலப்புக்குச் சான்றும் ஆகாது. எலும்புக்கட்டு, தலை அமைப்பு, ஓட்டம், குணம், தாய் தகப்பன் வம்சம் எல்லாம் சேர்ந்ததுதான் இனம். காங்கேயம் மாட்டில் மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று எத்தனையோ நிறம் உண்டு. அதில் எதையாவது காங்கேயம் இல்லை என்று தள்ளுகிறோமா?

இரண்டு தரப்பும் ஒத்துப்போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. வெள்ளையை விட வேண்டாம். வெள்ளைக்கு முன்னால் காதைப் பார்க்க வேண்டும். காது கேட்கும் வெள்ளை நாய்களோடு, நல்ல உடல்கட்டும் குணமும் உள்ள திட்டு நாய்களையும் வம்சத்தில் வைத்துக்கொண்டால், இனமும் நிற்கும், குறையும் குறைய வழி பிறக்கும். ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த இனத்தில், நிறத்துக்காக மட்டும் நல்ல குட்டிகளைக் கழிப்பது விதைநெல்லைக் கொட்டிக் கவிழ்ப்பதற்குச் சமம்.

வீட்டிலேயே சோதிக்கலாம்!

குட்டிகளுக்குச் சுமார் 2 வாரத்தில் காதுத் துளை திறக்கும். 5 வாரத்துக்கு முன் செய்யும் சோதனையை நம்ப முடியாது. 6 வாரத்துக்கு மேல் கீழ்க்கண்டவாறு பார்க்கலாம்.

• குட்டியைத் தாயிடமிருந்தும் மற்ற குட்டிகளிடமிருந்தும் பிரித்துத் தனியாக விட வேண்டும். கூட்டத்தில் இருந்தால், மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும்.

• அது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்பக்கம் சில அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கலாம், விசில் அடிக்கலாம். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

• தரையை மிதித்து ஓசை எழுப்பக் கூடாது. அதிர்வைப் பாதம் உணர்ந்துவிடும். கைதட்டும்போது நிழலோ காற்றோ குட்டிமேல் படக் கூடாது.

• சில நிமிட இடைவெளி விட்டு, வேறு வேறு ஓசைகளில் மூன்று நான்கு முறை சோதிக்க வேண்டும். மறுநாளும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

• தூங்கும் குட்டியைக் கவனிக்கலாம். தட்டுச் சத்தம் கேட்டு மற்றவை எழுந்து ஓடும்போது, தொட்டால்தான் எழுகிற குட்டி சந்தேகத்துக்குரியது. விளையாட்டில் மற்றவை கத்தினாலும் விடாமல் கடிக்கும் குட்டியையும் சோதிக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் இரண்டு காதும் கேட்காத குட்டியைத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி எல்லாச் சத்தத்துக்கும் திரும்பும். திசைதான் தடுமாறும். வளர வளர அதையும் பழகிக்கொள்ளும். அதை உறுதியாகக் கண்டறிய, பச்சிளம் குழந்தைகளுக்கு எடுக்கும் ‘பெரா’ பரிசோதனை போன்ற கருவிச் சோதனை வேண்டும். இந்த வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது. அருகில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

வாங்குபவர் கவனத்துக்கு...

• 8 வாரம் நிறையாத குட்டியை வாங்க வேண்டாம். 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது என்கின்றன. அந்த வயதில்தான் காதையும் ஒழுங்காகச் சோதிக்க முடியும்.

• பிறந்த புதிதில் எல்லாக் குட்டிக்கும் கண் நீலமாகத்தான் தெரியும். 8 வாரத்துக்குப் பிறகும் தெளிந்த நீலமாக நின்றால் யோசிக்க வேண்டும்.

• தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்க்க வேண்டும். முன் ஈத்துகளில் காது கேட்காத குட்டி பிறந்ததா என்று கேட்க வேண்டும்.

• காதைச் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வளர்ப்பவர் கவனத்துக்கு...

• ஒரு காது கேட்காத நாயையும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. அதற்கு வேலை செய்வதில் பெரிய குறை தெரியாமல் இருக்கலாம், வம்சத்தில் குறை தொடரும்.

• தாயும் தகப்பனும் நன்றாகக் கேட்டாலும் கேட்காத குட்டி பிறக்கலாம். அப்படிப் பிறந்தால், அதே ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது.

• ஒரே வயிற்றுக் குட்டிகளையும், தாய் மகன், தகப்பன் மகள் என்று நெருங்கிய உறவுகளையும் இணைசேர்க்கக் கூடாது.

• ஒவ்வொரு ஈத்துக்கும் பிறந்த தேதி, குட்டிகளின் நிறம், கண் நிறம், காதுச் சோதனை முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வாங்க வருகிறவரிடம் அதைக் காட்டினால், விலையும் கிடைக்கும், நம்பிக்கையும் கிடைக்கும்.

• திட்டுள்ள குட்டியைக் கொல்ல வேண்டாம். தோட்டக் காவலுக்குக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். காவலுக்குத் தேவை காதுதான்.

கேள்வி – பதில்

கேள்வி: வளர்ந்த ராஜபாளையத்துக்குக் காது கேட்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்யலாம்?

பதில்: விரட்டிவிட வேண்டாம். பிறவிக் குறை என்றால் குணமாகாது. ஆனால், கை சைகைக்கு இந்த நாய் நன்றாகப் பழகும். ‘வா’, ‘உட்கார்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ஒவ்வொரு சைகை வைத்து, செய்தவுடன் தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாம். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடிக்கக்கூடும். தரையைத் தட்டி எழுப்ப வேண்டும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் வேலிக்கு வெளியே கயிறு இல்லாமல் விடக் கூடாது. தனிக் காவலுக்கு நம்பாமல், காது கேட்கும் இன்னொரு நாயோடு சேர்த்து வளர்க்கலாம். பின்னாளில் திடீரென்று கேட்காமல் போயிருந்தால் காதில் சீழ், பூச்சி போன்ற காரணங்கள் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: மூக்கு ரோஸாக இல்லாமல் கருப்பாக இருந்தால் அது ராஜபாளையம் இல்லையா?

பதில்: மூக்கின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. உடல் அமைப்பையும் வம்சத்தையும் பார்க்க வேண்டும். நிறமுள்ள மூக்கு வெயிலுக்கும் நல்லது. ரோஜா நிற மூக்கும் இமையும் உள்ள நாய்களுக்கு உச்சி வெயிலில் தோல் கருகிப் புண்ணாகும். நாள்பட்டால் கட்டி வரவும் வாய்ப்பு உண்டு. பகலில் நிழலில் கட்டுவது அவசியம்.

கேள்வி: வெள்ளை நாயே வேண்டாம் என்று சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. காது நன்றாகக் கேட்கும் வெள்ளை ராஜபாளையம் அருமையான காவல் நாய். சோதித்துப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் செய்தி. வாங்குகிறவர்கள் காதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தால், வளர்க்கிறவர்களும் காதைப் பார்த்து வளர்ப்பார்கள்.